ஷாஹீன் வரைந்த ஊதா வட்டங்கள்

திண்டிவனத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். மைக்ராஸ்கோப்பில் தெரிந்தால்தான் எனக்கு எதுவும் உண்டு. மயிலம் பஸ்ஸில் யாராவது பேய்க்கதை ஆரம்பித்தால் இயர்போனை மாட்டிக்கொள்கிற ஆள் நான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துவிட்டே கேளுங்கள்.

எங்கள் மாடியில் ஷாஹீன் குடியிருக்கிறாள். கோட்டக்குப்பத்துப் பெண், கணவர் துபாயில். நன்றாகப் படம் வரைவாள். வெங்காயத் தோல், குளத்துப் பாசி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை இலை என்று எதையாவது மைக்ராஸ்கோப்பில் வைத்து, செல்போனில் படமெடுத்து அவளுக்கு அனுப்புவேன். அதைப் பார்த்துப் பெரிய கேன்வாஸில் வண்ணம் தீட்டுவாள். என்னவென்றே புரியாது, ஆனால் கண்ணை எடுக்க முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மேலே போனபோது புதுப் படம் ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. ஊதா நிறத்தில் பெரிய வட்டங்கள், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு. சிலவற்றுக்குள் ஊசி மாதிரி சிவப்புக் கோடுகள். நடு வட்டத்தில் மட்டும் இரண்டு ஊசிகள் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தன. அதன் ஓரம் கடித்தது போலப் பிய்ந்திருந்தது. இரத்தப் புற்றுநோயில் தெரிகிற அணு அது.

“இத எங்கேர்ந்து புடிச்ச?”

“நீங்க அனுப்புனதுதான்க்கா. பாத்துதான் வரைஞ்சேன். இப்ப போன்ல தேடினா காணோம்.”

நோயாளிகளின் இரத்தத்தை நான் படமெடுப்பதே இல்லை. என் போனிலும் தேடினேன், இல்லை. இணையத்தில் பார்த்திருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த மாதம் வல்லத்திலிருந்து என் தம்பி சரவணன் வந்தான். வேன் ஓட்டுகிறவன், காய்ச்சலென்று படுத்தவனில்லை. பல் விளக்கினால் ஈறில் இரத்தம் நிற்கவில்லையாம்.

“ஒண்ணும் இல்லக்கா, அம்மாதான் பேஜாரு பண்ணிக்கினு கீது” என்று சிரித்தான்.

நானே இரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் போட்டுப் பார்த்தேன்.

நம்பினால் நம்புங்கள். முதலில் கண்ணில் பட்டதே அந்த வட்டம்தான். குறுக்கே இரண்டு ஊசி, அதே இடத்தில் பிய்ந்த ஓரம், சுற்றிலும் மற்ற அணுக்கள் அவள் வரைந்த இடத்திலேயே. ஒரே நோய் ஒரே மாதிரி தெரியும்தான், ஆனால் மேகம் இரண்டு தடவை அப்படியே கூடுமா? வெளியே பெஞ்சில் சரவணன் டீ குடித்துக்கொண்டிருந்தான். நான் லென்சிலிருந்து தலையை எடுக்கவே இல்லை.

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டான்.

“கொளுத்திடட்டுமாக்கா?” என்று ஷாஹீன் அழுதாள். எனக்கு மனம் வரவில்லை. படத்தைக் கீழே கொண்டுவந்து சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

இப்போது அம்மா என்னோடுதான் இருக்கிறாள். படத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, யாரும் சொல்லவில்லை. ஒருநாள் வேலையிலிருந்து வந்தால் படம் முன்பக்கம் திரும்பியிருக்கிறது, எதிரே அம்மா.

“இன்னா படம்னு தெர்லம்மா. இது முன்னாடி குந்தினா நம்ம புள்ள பக்கத்துல கீற மாதிரி இக்குது” என்றாள்.

அத்தனை வட்டங்களில், அந்த நடு வட்டத்தின் மேல்தான் கையை வைத்திருந்தாள்.