அவள் பெயரில் போட்ட கூடைகள்

பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டில் தறி கிடையாது. அக்கம்பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. விடிந்ததிலிருந்து இடப்பக்கச் சுவருக்கு அந்தாண்டை ஒரு தறிச் சத்தம், வலப்பக்கச் சுவருக்கு அந்தாண்டை ஒரு தறிச் சத்தம். நடுவில் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு நான் பிளாஸ்டிக் ஒயரில் கூடை பின்னிக்கொண்டிருப்பேன். தெருவிலிருந்து யாராவது கூப்பிட்டால், கூடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே ஒரு கைலியைப் போட்டு மூடிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவன்கூட அப்படிப் பதறமாட்டான்.

பட்டு நூலில் கை வைக்காத ஆம்பளை எங்கள் தெருவில் குறைவு. ஆனால் பட்டு வேறு, ஒயர் வேறு என்று என் மண்டையில் எவனோ எழுதி வைத்திருந்தான். பட்டு நெய்தால் அது தொழில். ஒயர் கூடை என்பது மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெண்கள் நாலு பேர் கூடி, ஊர்க்கதை பேசிக்கொண்டே போடுவது. நானோ ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் லைன் லீடராக இருந்தவன். கம்பெனி பஸ்ஸில் என் ஜன்னலோர சீட்டில் வேறு யாரும் உட்காரமாட்டார்கள். நான் நடந்து வந்தால் பையன்கள் போனைப் பாக்கெட்டுக்குள் போடுவார்கள். கம்பெனி போனாலும் அந்தக் கெத்து மட்டும் உடம்பை விட்டுப் போகவில்லை.

கம்பெனி வேலை போனது இடுப்பால். முதுகெலும்பில் டிஸ்க் விலகிவிட்டது, எடை தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் நிற்கக் கூடாது என்றார் டாக்டர். நிற்க முடியாத லைன் லீடர் யாருக்கு வேண்டும்? ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பக் கூப்பிடவில்லை. முசரவாக்கத்தில் இருக்கும் என் அண்ணன்களிடம் நீண்ட லீவு என்று சொல்லி வைத்தேன். என் மனைவி ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். அவள் காலையில் கிளம்பிப் போவதும், நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதும் என்று ஆனது.

அவள் சாப்பாடு எடுத்துப் போகிற ஒயர் கூடையின் அடி ஒருநாள் பிய்ந்துகொண்டது. தூக்கிப் போடு, புதுசு வாங்கிக்கொள்ளலாம் என்றாள். எனக்கு எதையும் பிரித்துப் பார்க்காமல் தூக்கிப் போட முடியாது. கம்பெனியில் கற்ற கெட்ட பழக்கம். முடிச்சு முடிச்சாக முழுக் கூடையையும் பிரித்தேன். பிரித்த வழியே திரும்பக் கட்டினேன். கோணல்மாணலாக வந்தது. மறுபடி பிரித்தேன். அவள் கடையிலிருந்து வந்து பார்த்தபோது கூடை நேராக நின்றுகொண்டிருந்தது. அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து எனக்கு நன்றாகப் பசித்தது.

பிறகு விட முடியவில்லை. நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண் என்று ஒவ்வொரு பின்னலாக வீடியோ பார்த்துப் பழகினேன். ஒயர் வாங்க மட்டும் நான் போனதில்லை, அவளைத்தான் அனுப்புவேன். 'என் பொண்டாட்டிக்கு' என்று சொல்லி வாங்கக்கூட எனக்கு வாய் வரவில்லை.

கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு சின்னக் கடை இருக்கிறது. வீட்டிலிருந்தபடி கைவேலை செய்கிறவர்களின் பொருட்களை வாங்கி வைத்து விற்பார்கள். கொலு பொம்மைகள், சுடுமண் தோடுகள், பட்டுத் துண்டில் தைத்த சுருக்குப்பைகள். கடையை நடத்துகிற பெண்ணுக்கு வயது முப்பது இருக்கும், படித்தவள். என் மனைவியின் கையிலிருந்த கூடையைப் பார்த்துவிட்டு, இதுபோல எத்தனை கொடுத்தாலும் வைத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். ஒவ்வொரு பொருளிலும், செய்தவர் பெயர் எழுதிய சின்ன அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுவது அந்தக் கடையின் வழக்கம்.

"அட்டையில பேரு எழுதணுமாம் மாமா. உன் பேரு குடுத்துட்டு வரட்டா?" என்று என் மனைவி சந்தோஷமாகத்தான் கேட்டாள்.

"உன் பேரைக் குடு."

"நீ போட்டதுக்கு எம் பேரு எதுக்கு?"

"சொன்னா கேளுமே. கம்பெனியில எங்கூட இருந்தவன் எவனாவது கோயிலுக்கு வருவான், பாப்பான். எம் மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

 அவள் சரி என்று தலையாட்டிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

கூடைகள் நன்றாகவே போயின. அட்டையில் பெயர் வேண்டாம் என்று சொன்ன மகராசனான நான், அவள் அந்தக் கைவேலைக் கடைக்குப் போய் வந்த நாளில் எல்லாம் அவள் பின்னாலேயே சுற்றுவேன். யார் வாங்கினார்கள், என்ன சொன்னார்கள், திருப்பிப் பார்த்தார்களா, அடியைத் தடவிப் பார்த்தார்களா? கேட்பதற்கு மட்டும் வெட்கம் இல்லை. ஒருமுறை கூடைகளைக் கொண்டுபோய் இறக்கும் சாக்கில் நானே கடைக்குப் போனேன். "அக்காவுக்கு நல்ல கைண்ணா. ஒரு முடிச்சு பிசகல பாருங்க" என்றாள் கடைக்காரப் பெண். "ஆமாம்மா, அவளுக்குப் பொறுமை ஜாஸ்தி" என்றேன். வெளியே வந்ததும் எனக்குக் கோபமான கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து குழம்பில் உப்பு இல்லை என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

இப்படியே ஓடியிருக்கும். வரப்போகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்கிறவர்களே கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளர்கள் பார்க்கச் செய்து காட்ட வேண்டும் என்று கடைக்காரப் பெண் ஏற்பாடு செய்துவிட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. எவரோ ஒருவர் சென்னையில் மொத்தமாக வாங்கி வந்த பைகளைத் தான் தைத்ததாகக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறார். அவரை அவள் கடைப் பக்கம் வராதே என்று அனுப்பிவிட்டாள். இங்கே இருப்பதெல்லாம் செய்தவர் கையால் வந்தது என்று எல்லோருக்கும் காட்ட ஆசைப்பட்டாள்.

"எனக்கு மொத முடிச்சே வராது. நான் போயி இன்னாத்த செஞ்சி காட்றது?" என்றாள் என் மனைவி.

நான் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தேன். நாளெல்லாம் புடவைக் கடையில் நின்றுவிட்டு வருகிறவளை, கால்களைக்கூட நீட்ட விடாமல் எதிரே உட்கார வைத்து, லைனில் புதுப் பையன்களை விரட்டுகிற மாதிரி விரட்டினேன். விரலை மடக்கு, ஒயரை இறுக்கு, எங்கே பார்க்கிறாய்? ஒயர் இழுத்து இழுத்து அவள் ஆள்காட்டி விரல் சிவந்துபோனது. நேர் வரிசை ஓரளவு வந்தது, மூலை திருப்புவது வரவே இல்லை. அதனால் நானே அடியும் மூலைகளும் போட்டு, பாதிக் கூடையாகக் கொடுத்தனுப்ப முடிவு செய்தேன். பக்கவாட்டு வரிசைகளை மட்டும் அவள் மெதுவாக ஓட்டினால் போதும்.

"இதுக்கு நீயே போயி உக்காரலாம் மாமா" என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையைக் கட்டிக்கொண்டு, கடையில் விரித்த பாயில் உட்கார்ந்து அவள் வரிசை ஓட்டினாள். கூட்டம் இருந்தது. நான் இரண்டு ஹெல்மெட்டையும் கையில் மாட்டிக்கொண்டு, வண்டி ஓட்டி வந்தவன் மாதிரி ஓரமாக நின்றேன். அப்போதுதான் பின்னாலிருந்து, "லீடரண்ணே" என்று குரல் கேட்டது. என் லைனில் வேலை செய்த பையன். இப்போது அவனே லைன் லீடராம். குடும்பத்தோடு கோயிலுக்கு வந்திருந்தான்.

"இன்னாண்ணே இங்க?"

"வூட்டம்மா கூடை போட்றாங்கப்பா. கூட்டிக்கினு வந்தேன்."

அவன் மரியாதையாகத் தலையாட்டினான். அந்த மரியாதை எனக்கு இனித்தது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அதே நேரம், கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் என் மனைவிக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "நானும் வீட்டுல போடுவேம்மா. எனக்கு மூலை மட்டும் கோணிக்கிட்டே போவுது. ஒரே ஒரு மூலை திருப்பிக் காட்டும்மா" என்றார். கடைக்காரப் பெண் ஆர்வமாகப் போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தயாரானாள்.

என் மனைவி ஒயரைக் கையில் எடுத்தாள். மடித்தாள், பிரித்தாள். மறுபடி மடித்தாள். முடிச்சு உள்பக்கமாக விழுந்தது. "அது தலைகீழா வருதேம்மா" என்றார் அந்த அம்மாள், கெட்ட எண்ணம் இல்லாமல்தான்.  கடைக்காரப் பெண் போனைக் கீழே இறக்கினாள். குனிந்து மெதுவாகத்தான் கேட்டாள், ஆனாலும் நான் நின்ற இடம்வரை கேட்டது.

"அக்கா, இதெல்லாம் நீங்க போட்டதுதானே?"

"எங்க வூட்லதாம்மா போட்டது."

"வெளியில எங்கயாவது வாங்கினதா இருந்தா இப்பவே சொல்லிடுங்கக்கா."

"சத்தியமா இல்லம்மா."

அவ்வளவுதான் சொன்னாள். நான் கூப்பிடு தூரத்தில் நிற்கிறேன். என்னை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், எல்லோரும் புரிந்துகொண்டிருப்பார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. திருட்டுப் பட்டம் தன் தலையில் விழ இருக்கும்போதும் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு, ஒயரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.  ஹெல்மெட்டுகளைத் தரையில் வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒயரை வாங்கி மூலையைத் திருப்பினேன். அடுத்த மூலையையும் திருப்பினேன்.

கடைக்காரப் பெண்ணுக்கு உயிர் வந்தது. "அட, அக்கா உங்களுக்கும் கத்துக் குடுத்துட்டாங்களாண்ணா? பாவம், அவங்க கூட்டத்தைப் பாத்து பயந்துட்டாங்க" என்று சிரித்தாள். பொண்டாட்டிக்கு ஒத்தாசை செய்கிற புருஷன் எத்தனை பேருக்குக் கிடைப்பான் என்றார் அந்த அம்மாள். "எங்க லீடரண்ணன் எப்பவுமே அப்படித்தான்" என்றான் அந்தப் பையன்.

அவர்களாகவே ஒரு கதவைத் திறந்துவிட்டார்கள். நான் நுழைந்தேன்.

"ஆமாம்மா, இவதான் கத்துக் குடுத்தா" என்றேன்.

நாலு பேர் கை தட்டினார்கள். என் மனைவி எழுந்து புடவையை உதறிக்கொண்டு, போகலாம் என்றாள். அவள் முகத்தில் ஈ ஆடவில்லை.

வண்டியில் அவள் என் தோளைப் பிடிக்கவில்லை, பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.  மூங்கில் மண்டபத்தருகே நெரிசலில் வண்டி நின்றபோது பேசினாள்.

"திருடின்னு நெனச்சாங்க. அது கூட போவட்டும் மாமா. எம் வூட்டுக்காரரு போட்டதுன்னு ஒருத்தருகிட்டயாவது சொல்லணும்னு எனக்கு எம்மா ஆசை தெரியுமா? எங்க கடைப் பொண்ணுங்க கேட்டா கூட நான்தான் போட்டேன்னு பொய் சொல்லிக்கினு இருக்கிறேன்."

இத்தனை நாளும் நான் என் மானத்தோடு சேர்த்து அவள் மானத்தையும் காப்பாற்றி வருவதாகத்தான் நினைத்திருந்தேன். கூடை பின்னுகிறவனின் பெண்டாட்டி என்று யாரும் அவளைச் சொல்லிவிடக் கூடாது என்று. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

திடீரென்று நல்லவனாகிவிட்டதால் வண்டியைத் திருப்பினேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வண்டிக் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வீடுவரை ஓட்ட என்னால் ஆகாது, அதனால் திருப்பினேன்.

கடையில் கூட்டம் குறைந்திருந்தது, ஆனால் அந்தப் பையன் இருந்தான். அவன் மனைவி தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போய்த் தொலைந்திருக்கக் கூடாதா என்று அப்போதும் மனசு அடித்துக்கொண்டது.

"நான் சொன்னது பொய்ம்மா" என்றேன் கடைக்காரப் பெண்ணிடம். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "இவ கத்துக் குடுக்கல. எல்லாக் கூடையும் நான் போட்டது. மொதல்ல இருந்தே நான்தான்."

"இதை எதுக்குண்ணா மறைச்சீங்க?" என்றாள் அவள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

 அந்தப் பையன் அலமாரியில் இருந்த கூடைகளைப் பார்த்தான், என் கைகளைப் பார்த்தான், அப்புறம் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தான். "சூப்பர்ணே" என்றான் தலை தூக்காமல். என்ன நினைத்தான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என் மனைவி அதற்குள் அலமாரிக்குப் போய்விட்டாள். ஒரு கூடையை எடுத்து வந்து, அந்தப் பையனின் மனைவி முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

"எம் வூட்டுக்காரரு கைவேலைம்மா. அடியப் பாரு. ஒரு முடிச்சாவது ஏறி எறங்கி இருக்குதா சொல்லு. எவ்ளோ வெயிட்டு வெச்சாலும் தொங்காது."

அவள் விற்பனை செய்வதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. புடவைக் கடையில் உதறிப் போட்டுக் காட்டுவதும் இப்படித்தான் இருக்கும் போல. ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள், அதை வைத்துவிட்டு இன்னொன்று. எதை எப்போது போட்டேன், எதில் நிறம் பிடிக்காமல் பாதியில் பிரித்தேன், எதன் கைப்பிடிக்குக் கை நோக மல்லுக்கட்டினேன் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அட்டையில் தன் பெயர் தொங்குகிற கூடைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி, "இதுவும் இவரு போட்டதுதான்" என்று கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டே போனாள். அவர்கள் கூடையைப் பார்த்தார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்த்தார்கள். இவ்வளவு பெருமையையும் நான் அவள் வாயைப் பொத்தி உள்ளேயே வைத்திருந்திருக்கிறேன். ஹெல்மெட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.