பெயர் இல்லாத சி-7

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். அதிலும் "என் சித்தப்பாவோட கூட்டாளி பாத்தாராம்" என்று ஆரம்பிக்கிற ஆளை எழுந்து போகச் சொல்லிவிடுவேன். அதனால் இதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வெட்கம்தான். ஆனால் இது எனக்கு நடந்தது, வேறு யாருக்கோ இல்லை. போன ஆண்டு ஆகஸ்டில், மலேசியாவின் கெலாங் பாத்தாவில், ஒரு சனிக்கிழமை மாலை.

என் பெயர் ரூபினி. கடைவீட்டு மாடியில் இருக்கும் ஒரு சின்னத் தனியார் லேபில் டெக்னீஷியன். நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதைத்துண்டு மெழுகில் பதிந்து வரும். அதை வெங்காயத்தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றுவது என் வேலை.

அன்றைக்குச் செய்யவேண்டியது சி.சி.ஆர்.4 டெஸ்ட். சில வெள்ளை அணுக்களின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு ரிசெப்டர் புரோட்டீன் அது. அதற்கென்றே ஓர் ஆன்டிபாடி உண்டு. சொட்டு விட்டால் அந்தப் புரோட்டீனைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பழுப்பாகும். புரோட்டீன் இல்லையென்றால் எல்லாம் நீலமாகவே நிற்கும். பழுப்பா, நீலமா… அவ்வளவுதான் டெஸ்ட்.

அன்றைக்கு வந்திருந்த துண்டு என் அப்பாவுடையது.

அப்பா ஐயாசாமி, ரெங்கத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். இரண்டு வருடமாகத் தோலில் ஒருவகைப் புற்றுநோய். என்னோடுதான் இருந்தார். உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரி முழுக்கச் சொறிவார். சர்… சர்… சர்… காலையில் படுக்கை விரிப்பை உதறினால் தோல் செதில் செதிலாக உதிரும். சிங்கப்பூரில் ஒரு புது மருந்தைச் சோதிக்க ஆள் எடுத்தார்கள். ஸ்லைடு பழுப்பானால் அப்பாவுக்கு இடம் உண்டு. நீலமானால் இல்லை. திங்கட்கிழமை கடைசி நாள். அவருக்குக் கொடுக்க வேறு மருந்து எதுவும் மிச்சமில்லை.

நோயாளியின் சொந்தக்காரர் அவர் ஸ்லைடைத் தொடக்கூடாது என்பது விதி. மேலாளர் டெஸ்மண்ட் சார் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்துவிட்டார்.

"பாத்து பண்ணு மா. ஆன்டிபாடி ஒரு தடவைக்குத்தான் மிச்சம் இருக்கு. அடுத்தது வர மூணு வாரம் ஆவும் லா," என்று சொல்லிவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினார். மற்றவர்களும் போய்விட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் நோயாளியின் ஸ்லைடோடு இன்னொன்றையும் சேர்த்து ஓட்டுவோம். கட்டாயம் பழுப்பாகும் என்று தெரிந்த ஒரு துண்டு. அது பழுப்பானால்தான் ஆன்டிபாடியை நம்பலாம். எங்கள் லேபில் அதற்கு சி-7 என்று பெயர். யாரோ ஒரு நோயாளியின் தோல், யார் என்று எழுதியிருக்காது. ஐந்து வருடமாக அதைத்தான் சீவிச் சீவி எடுத்தோம். ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. கடைசியாக இரண்டு சீவல் மிச்சமிருந்தது. இன்றைக்கு எதுவும் தப்பாகக் கூடாது என்று இரண்டையும் வைத்தேன்.

ஸ்லைடு ஓரத்தில் பென்சிலால் எண் எழுதினேன். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். அப்பாவுக்கு 2291. மற்ற இரண்டுக்கும் சி-7.

மணி 5.10. ஆன்டிபாடி விட்டு, மூன்று ஸ்லைடையும் காய்ந்துவிடாமல் இருக்க ஈரப்பெட்டியில் வைத்து மூடினேன். ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கோப்பி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

5.34. சர்… சர்…

ஏர்கோன் என்று நினைத்து அணைத்தேன். சத்தம் நிற்கவில்லை.

சர்… சர்… சர்…

எனக்குத் தெரியாத சத்தமா அது? காய்ந்த தோலில் நகம் படுகிற சத்தம். வீட்டுக்குப் போன் அடித்தேன்.

"ப்பா, என்னா பண்றீங்க?"

"டிவி பாக்குறேன் பாப்பா. என்னா, பழுப்பா வந்துருச்சா?"

"இன்னும் இல்லப்பா. வெச்சிர்றேன்."

போனை வைத்தபிறகுதான் பார்த்தேன். ஈரப்பெட்டிக்குப் பக்கத்தில், கறுப்பு மேசைமேல், செதில்கள். வெள்ளையாக, காய்ந்து, ஒரு கைப்பிடி அளவுக்கு. மத்தியானம்தான் அந்த மேசையை நானே துடைத்திருந்தேன். அப்பாவின் தோல் என் உடுப்பில் ஒட்டி வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன்.

6.55. எல்லாம் முடிந்தது. மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன்.

சி-7 இரண்டும் பழுப்பு. கெட்டிக் கோப்பி நிறம்.

அப்பாவுடையது நீலம். மூலை மூலையாகத் தேடினேன். ஒரு புள்ளி பழுப்பு கிடையாது. வாய்விட்டு அழுதேன்.

அப்புறம் அந்தப் புத்தி வந்தது. மூன்றுமே தோல். ஒரு சி-7 ஸ்லைடில் எண்ணை அழித்து அப்பாவின் எண்ணை எழுதினால், திங்கட்கிழமை பார்க்கப்போகிற டாக்டருக்குத் தெரியவா போகிறது? யாருக்கு நஷ்டம்?

7.04. அழித்தேன். 2291 என்று எழுதினேன். அப்பாவின் ஸ்லைடைக் குப்பையில் போட எடுத்தேன்.

நான் எழுதிய ஸ்லைடைத் திரும்பிப் பார்த்தால்… 1747.

என் எழுத்து இல்லை. இரண்டு ஏழின் இடுப்பிலும் ஒரு குறுக்குக் கோடு. எங்கள் லேபில் யாரும் அப்படி எழுதுவதில்லை. சார் விடமாட்டார்.

மறுபடி அழித்தேன். 2291.

கண் சிமிட்டினேன்.

1747.

மூன்றாவது முறை ஸ்லைடைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எழுதினேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். என் எழுத்து மங்கியது. அடியிலிருந்து கோடு கோடாக…

சர்… சர்…

என் தோளுக்குப் பின்னால்.

மூச்சு.

ஒரு பெண்பிள்ளையின் குரல். கோபமே இல்லை. களைத்துப்போன குரல்.

"மறுபடியுமா, அக்கா?"

விளக்கை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா, எதுவும் தெரியாது. அப்பாவின் ஸ்லைடைத் தட்டில் திருப்பி வைத்தது மட்டும் நினைவிருக்கிறது.

வீட்டில் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீலம்ப்பா," என்றேன்.

"சரி விடு பாப்பா. இல்லாதத இருக்குன்னு சொல்ல முடியுமா?" என்றார். நான் செய்யப் போனதை அவரிடம் சொல்லவேயில்லை.

நவம்பர் பதினாறாம் தேதி அப்பா போய்விட்டார். அன்றைக்கு விடியற்காலை 4.20க்குச் சொறிகிற சத்தம் நின்றது. அது நின்றதால்தான் நான் விழித்தேன். அந்தப் பாழாய்ப்போன சத்தம் இன்னும் ஒரு நாள் கேட்டிருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் இருக்கிறது.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று டெஸ்மண்ட் சாரிடம் கேட்டேன்.

"சி-7 யாரு சார்?"

"எதுக்கு மா இப்ப அது?"

"1747ஆ?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அலமாக்… அந்த நம்பர் உனக்கு எப்டி தெரியும்? நான் யார்கிட்டயும் சொன்னதில்லயே."

பிறகு எழுந்து, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய ரெஜிஸ்டரை எடுத்துத் தந்தார். ஆறு வருடத்துக்கு முந்தையது. எண் 1747. ஷர்மைன், வயது 23, கோத்தா திங்கி. அப்பாவுக்கு இருந்த அதே வியாதி. சி.சி.ஆர்.4: இல்லை.

"இல்லையா? சி-7 எப்பவும் பழுப்புதானே சார்?"

"அப்பவும் ஒரு மருந்து இருந்துச்சு. நீலம்னு ரிப்போர்ட் போனதால குடுக்கல. புள்ள எட்டு மாசத்துல போயிருச்சு. அதுக்கு அப்பறம்தான் நான் சும்மா ஒரு தடவ ஓட்டிப் பாத்தேன். முழுக்கப் பழுப்பு. அதான் சி-7 ஆச்சு." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மொத தடவ அந்த ஸ்லைடுல ஆன்டிபாடி விழவே இல்ல மா. விட மறந்துட்டாங்க."

"யாரு?"

அவர் ரெஜிஸ்டரின் அந்த வரியில் விரலை வைத்தார்.

குனிந்து பார்த்தேன். 1747. இரண்டு ஏழிலும் குறுக்குக் கோடு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழை நான் அப்படித்தான் எழுதுவேன். சார் திட்டித் திட்டித்தான் மாற்றிக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டத்தில், 'தயாரித்தவர்' என்ற இடத்தில், என் கையெழுத்து இருந்தது.

மருந்து கிடைக்காமல் செய்தேன். செத்தபிறகு ஐந்து வருடம் அவளைச் சீவிச் சீவி எடுத்தேன். கடைசியில் மிஞ்சியதையும் திருடப் போனேன். அப்படியும் அவள் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.