பெரியம்மாவின் முடிவு ஜெபம்

போன வாரம் என் மகள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக்குப் போய் வந்தாள். காவலாளி, நீச்சல் குளம் எல்லாம் உள்ள புதுக் குடியிருப்பு. சாப்பிட உட்கார்ந்தபோது தட்டைப் பார்த்தபடியே, "அவங்க வீட்ல பொறந்திருக்கலாம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, இன்றைக்கு மழை பெய்திருக்கலாம் என்பது போலச் சொன்னாள். என் கணவர் சிரித்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார். நான் எழுந்து போய், கழுவி வைத்திருந்த பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு எது குறைகிறதோ, எது குறைகிறதோ என்று பதினேழு வருடமாகப் பயந்து பயந்தே வளர்த்திருக்கிறேன். அதுவாவது போகட்டும். அவள் சொன்னதைவிட மோசமானதை நான் பத்து வயதில் சொல்லியிருக்கிறேன். கையைக் கூப்பி, கண்ணை மூடி, ஆண்டவரிடமே சொன்னேன். என்னைப் பெற்றவள் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தாள்.

அப்போது நாங்கள் டி. கல்லுப்பட்டியில் இருந்தோம். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். நாங்கள் மூன்று பெண்கள், நான் நடு. அம்மாவின் அக்காவான என் பெரியம்மா மதுரையில், பழங்காநத்தத்தில் இருந்தாள். பெரியப்பா கட்டட கான்டிராக்டர். கடைத்தெரு இரைச்சலுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர்கள் வீடு. மாடி, மொசைக் தரை, பிரிட்ஜ், கலர் டிவி, வாசலில் வெள்ளைக் கார். பிள்ளை மட்டும் இல்லை. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் என்னை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும், பிடித்திருந்தால் பெரியம்மாவிடமே வளரட்டும் என்று பெரியவர்களுக்குள் பேச்சு. யாருக்குப் பிடித்திருந்தால் என்பதை யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

எனக்குப் பிடித்திருந்தது. அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். வசதியில் சந்தோஷம் கிடையாது என்று யாராவது மேடையில் பேசினால், இவர் பத்து வயதில் ஷவருக்கு அடியில் நின்றதில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த ஷவரை நான் முதன்முதலில் திறந்தபோது அது இருமி இருமிச் செம்மண் நிறத் தண்ணீரைத் துப்பியது. வீடு கட்டியதிலிருந்து அதை யாரும் திறந்ததில்லை. பெரியம்மாவும் பெரியப்பாவும் வாளியில்தான் குளித்தார்கள். பிரிட்ஜில் ஐஸ் தட்டு பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. மாடியறை மின்விசிறியின் இறக்கைகளில் தூசி படிந்திருந்தது. நான் வந்த பிறகுதான் அந்த வீட்டுச் சாமான்களுக்கே உத்தியோகம் கிடைத்தது. பெரியப்பாவுக்கு அதில் பெருமை.

"இம்புட்டு நாளா எல்லாம் சும்மாதான் கெடந்துச்சு தாயி. நீ வந்துதான் வேலை குடுத்திருக்க. நல்லா நனை."

பெரியம்மா துண்டோடு குளியலறை வாசலுக்கு வந்து, "போதும்டி, சளி பிடிக்கும்" என்பாள். சொல்லிவிட்டுப் போக மாட்டாள். கதவுக்கு அடியில் அவள் பாதங்கள் தெரியும். நான் பாட்டுப் பாடிக்கொண்டே நனைந்து முடிக்கிறவரை அந்தப் பாதங்கள் அங்கேயே நிற்கும்.

மாதம் முடிவதற்குள், நகரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றின் விண்ணப்பப் படிவம் பெரியம்மாவின் பைபிளுக்குள் வந்துவிட்டது. தையல்காரரிடம் யூனிபார்முக்கு அளவும் கொடுத்தாயிற்று. இனி அம்மா வந்து சரி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். ஒரு கையில் முருங்கைக்காய்க் கட்டு, மறு கையில் நிலக்கடலைப் பை, புருவமெல்லாம் பஸ் புழுதி. சோபாவின் நுனியில், எழுந்துகொள்ளத் தயாராக இருப்பவள் மாதிரி உட்கார்ந்தாள்.

"நல்லா சாஞ்சு உக்காரும்மா. நம்ம சோபாதான்" என்றேன்.

அம்மா சிரித்தாள். "நம்மன்னா யாருடி?"

"நானும் பெரியம்மாவும்."

"வாயப் பாரு இவளுக்கு" என்றபடி பெரியம்மா காபியை ஆற்றினாள். நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றிக் காட்டினேன். பிரிட்ஜைத் திறந்ததும் அம்மா ஆசையாக உள்ளே கையை நீட்டினாள். "கை கழுவிட்டுத் தொடும்மா" என்றேன். அம்மா சட்டென்று கையை இழுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பெரியம்மா டம்ளரைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுத்தம் கற்றுக்கொண்டேன் என்று மெச்சுகிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். எங்கள் இரண்டு வீடுகளிலும் ஒரே முறைதான். ஒரு பாட்டு, பைபிளிலிருந்து ஒரு சங்கீதம், பிறகு பாயில் முழங்காலிட்டு ஒவ்வொருவராக வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். சிறியவர்கள் முதலில். அந்த வீட்டில் கடைசியாகப் பெரியம்மா முடிவு ஜெபம் செய்வாள். ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர்கள் கண்ணைத் திறக்கக் கூடாது, குறுக்கே பேசவும் கூடாது. குழந்தை சொல்வதைப் பெரியவர்கள் வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்கிற நேரம் அது ஒன்றுதான். அந்த வாய்ப்பை நான் விடவில்லை.

"அன்பின் ஆண்டவரே, பெரியம்மாவுக்கு பிரிட்ஜ் குடுத்திருக்கீரே, அதுக்காக ஸ்தோத்திரம். ஷவருக்காக ஸ்தோத்திரம். எங்க ஊரு வீட்ல ஒண்ணுமே இல்ல, அது உமக்கே தெரியும். என்னைய மறுபடி அங்க அனுப்பிறாதேயும். அம்மாவுக்குத்தான் இன்னும் ரெண்டு பேரு இருக்காங்கள்ல. இனிமே பெரியம்மாவையே நான் அம்மான்னு கூப்பிடக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், ஆமென்."

வழக்கமாக எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்வார்கள். அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

அடுத்து அம்மா. ஊரில் அம்மா ஜெபிக்க ஆரம்பித்தால் எங்களுக்கு முழங்கால் மரத்துப்போகும். சபை, பள்ளிக்கூடம், வியாதியஸ்தர், தேசத் தலைவர்கள் என்று ஒருவரையும் விட மாட்டாள். அன்றைக்கு ஒரே ஒரு வரி.

"பிள்ளை கேட்டத அவளுக்குக் குடுத்திரும் தகப்பனே."

என் மனம் துள்ளியது. பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். மறுபடியும் கனைத்தார். "ஸ்தோத்திரம்" என்றதோடு நிறுத்திக்கொண்டார். அதையும் என் பக்கமே சேர்த்துக்கொண்டேன். மூன்று பேர் கேட்டபிறகு ஆண்டவர் எப்படி மறுப்பார்?

பெரியம்மா தொடங்கவே இல்லை. ஒரு கண்ணைக் கள்ளத்தனமாகத் திறந்து பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, சேலை முந்தியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தெளிவாக ஜெபித்தாள்.

"ஆண்டவரே, நாளைக்கு எந் தங்கச்சியும் அவ மகளும் ஊருக்குப் போறாங்க. போற வழியெல்லாம் கூட இரும். பிள்ளைய அவ வீட்ல பத்திரமாக் கொண்டு சேரும்."

மூச்சுவிடாமல் "பரமண்டலங்களிலிருக்கிற" என்று, எல்லாரும் சேர்ந்து சொல்லும் கர்த்தருடைய ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள். அதைத் தொடங்கிவிட்டால் எல்லாரும் கூடவே சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு ஆட்சேபம் சொல்ல இடமே இல்லாமல் போயிற்று.

முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். "பெரியம்மா, நான் கேட்டதுக்கு எதிரா ஜெபிச்சிட்டீங்க."

"ஆமா."

"ஏன்?"

"நாளெல்லாம் ஷவரத் தொறந்து விட்டா மோட்டாரு என்னத்துக்கு ஆகும்? கரண்டு பில்லு உங்கப்பனா கட்டுவான்?"

அம்மா, "அக்கா, நான் மனசாரத்தான் சொன்னேன்..." என்று தொடங்கினாள்.

"நீ சும்மா இருடி. இதுல பேச என்ன இருக்கு. எந்திரிங்க, தோசை ஊத்தணும்."

பெரியப்பா எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

அந்தச் சில நிமிடங்களை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பெரியம்மா வருடக்கணக்காக ஏங்கியது அந்தப் பாயில் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. பிள்ளையே வாய் திறந்து கேட்டுவிட்டது, பெற்றவளும் விட்டுக்கொடுத்துவிட்டாள். அவள் ஆமென் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என் மகளை மூன்று நாள் பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுப்பிவிட்டு மூன்று ராத்திரியும் தூங்காதவள். பெரியம்மாவின் இடத்தில் நான் இருந்திருந்தால் எனக்குச் சாதகமாகத்தான் ஜெபித்திருப்பேன். அதை ஆண்டவருடைய சித்தம் என்றும் சொல்லியிருப்பேன். நான் அண்ணாந்து பார்க்கிற மனிதர்கள் அதிகம் பேர் இல்லை. அவர்களில் முதலாவது அவள்தான்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கிளம்பினோம். பெரியப்பா கார் சாவியை எடுத்தார். "பஸ்லயே போகட்டும். கார்ல போயி எறங்குனா அவளுக்கு அந்த வீடு இன்னும் சின்னதாத் தெரியும்" என்று பெரியம்மா தடுத்துவிட்டாள். காரைக்கூடத் தர மனமில்லை என்று நான் அதையும் கணக்கில் ஏற்றினேன்.

பழங்காநத்தம் பஸ் ஸ்டாண்டில் பெரியம்மா ஜன்னலருகே வந்து நின்றாள். முறுக்குப் பொட்டலத்தை நீட்டினாள். நான் வாங்கவில்லை; அம்மா வாங்கிக்கொண்டாள். "கம்பிக்கு வெளியில கைய நீட்டாதடி" என்றாள் பெரியம்மா. நான் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். பஸ் நகர்ந்தது. அவள் அழுதாளா, கையசைத்தாளா, எதுவும் எனக்குத் தெரியாது. நான் பார்க்கவே இல்லை.

கொஞ்ச தூரம் போனதும் அம்மா சத்தமில்லாமல் அழத் தொடங்கினாள். எனக்குப் பாவமாக இருந்தது. பணக்கார அக்கா விரட்டிவிட்டாளே என்று அழுகிறாள் என்று நினைத்தேன். நாங்கள் இருவரும் இப்போது ஒரே கட்சி அல்லவா.

"விடும்மா. பெரியம்மா சரியான கஞ்சம். கரண்டு பில்லுக்குப் பயந்து நம்மள வெரட்டிட்டாங்க."

அம்மா என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். அதுவரை அவள் எங்கள் மூவரில் யார்மேலும் கை வைத்ததில்லை.

"எங்கக்காவ ஒரு வார்த்தை சொன்ன, பல்லத் தட்டிருவேன்."

அடித்த கையாலேயே என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். பத்து வயதுப் பெண்; என் கால்கள் நடைபாதைவரை நீண்டன. கண்டக்டர் வந்தபோதும் பிடியை விடாமல், மற்றொரு கையால்தான் டிக்கெட் வாங்கினாள். அவள் நெஞ்சு விம்மி விம்மித் தணிவது என் காதில் கேட்டது. ஆறுதல்தானே சொன்னேன், அதற்கு ஏன் அடித்தாள், அடித்தவள் ஏன் இப்படிக் கட்டிக்கொள்கிறாள் என்று திருமங்கலம் வரும்வரை யோசித்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.