நாலு இடம்தான் இருக்கு

ஒரு பக்கத்தைப் பிடித்து இழுக்கும்போது அக்கா மூச்சு விடுவதில்லை. இடது கை மேசை விளிம்பைப் பிடித்திருக்கும். வலது கையில் மவுஸ்; சுண்டுவிரல் மட்டும் அதில் படாமல் தூக்கி நிற்கும். திரையில் அந்தப் பக்கத்தின் பெயர் வரிசையை விட்டு எழும்பி, மங்கலாக மிதந்து, மற்றப் பெயர்களைத் தாண்டிக் கீழே வரும். 'வா, வா. அங்க இல்ல. அவங்க மேல ஏறாத.' சத்தம் வராது. உதட்டசைவை வைத்து நான் படித்துக்கொண்டது. இரண்டு பெயர்களுக்கு நடுவே நீலக்கோடு தெரிந்ததும் விரலை எடுப்பார். பிறகுதான் மூச்சு.

எங்கள் மருத்துவமனையின் இணையதளத்தில் இருநூறு பக்கங்களாவது இருக்கும். எது மேலே, எது கீழே, எது எதற்குள்ளே என்று அடுக்கி வைப்பது அக்காவின் வேலை. வயது நாற்பதைத் தாண்டியவர். நோயாளிகளின் விவரங்களைத் தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தாராம். தளத்தைக் கவனித்தவர் வேறு வேலை கிடைத்துப் போனபோது நடந்ததை இப்படிச் சொல்வார்: "டீ குடிச்சிட்டு வரேன்னு சொல்ற மாதிரி பாஸ்வேர்டைக் குடுத்துட்டுப் போயிட்டார். நானும் சரின்னு வாங்கி வச்சேன். அதுக்குள்ள இவ்வளவு பெரிய வீடு இருக்கும்னு எனக்கென்ன தெரியும்?" அன்றிலிருந்து கட்டடம் முழுக்க அவருக்கு 'வரிசை அக்கா' என்று பெயர்.

மதியம் சாப்பிடும்போது அக்காவின் மாமியார் போன் செய்வார். அக்காவுக்கு என்ன வேலை என்பது அந்த அம்மாவுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒருநாள் அக்கா பொறுமையாக விளக்கினார். "வர்றவங்களுக்கு எது முதல்ல தெரியணும், எது அப்புறம் தெரியணும்னு எடுத்து வைக்கிற வேலை அத்தை." மாமியார் ஏதோ கேட்டார். அக்கா சிரித்துக்கொண்டே, "ஆமா அத்தை, எல்லாரும் திட்டுறாங்க" என்றார்.

திட்டவும் தாஜா பண்ணவுமென்றே துறைத்தலைவர்கள் எங்கள் அறைக்கு வருவதுண்டு. மெனுவில் தங்கள் துறை எத்தனையாவது என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். கண் மருத்துவர் ஒரு பிஸ்கட் பொட்டலத்தோடு வருவார். "சும்மா இந்தப் பக்கமா வந்தேம்மா." எங்கள் அறை மாடிப்படியின் கடைசியில் இருக்கிறது, அந்தப் பக்கமாக யாரும் சும்மா வர முடியாது. அக்கா பிஸ்கட்டை வாங்கிக்கொள்வார். "பல் டாக்டர் நேத்துதான் கேக்கோட வந்துட்டுப் போனார் சார். ரெண்டு பேரும் ஒரே நாள்ல வந்தா எங்களுக்கு டிபன் செலவு மிச்சம்."

அவர் நடுநிலை தவறாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். கேன்டீன்காரர் ஒருமுறை, வரிசையில் நின்ற அக்காவை விட்டுவிட்டுப் பின்னால் வந்தவருக்கு முதலில் டீ கொடுத்துவிட்டார். மறுநாள் தளத்தில் கேன்டீனுடைய பக்கம் இறங்கிப்போய், பழைய அறிவிப்புகளுக்கும் கீழே கிடந்தது. ஒரு வாரம் கிடந்தது. நான் கேட்டதற்கு, "வரிசைன்னா என்னன்னு அவருக்கும் தெரியணும்ல தம்பி" என்றார். தப்பில்லையா அக்கா என்றேன். "தப்புதான்" என்று ஒப்புக்கொண்டு டீயை உறிஞ்சினார்.

கை தவறுவதும் உண்டு. இந்த வேலையில் ஒரு கண்ணி இருக்கிறது. பெயரை நேர்கீழாக விட்டால் அது அடுத்த பக்கம். கொஞ்சம் வலப்புறம் ஒதுங்கிவிட்டால், மேலே இருக்கிற பக்கத்தின் வயிற்றுக்குள் போய்விடும். மெனுவில் அதைக் காணவே முடியாது. அப்படித்தான் தோல் நோய்ப் பிரிவு, வாகன நிறுத்துமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தது. அந்தத் துறைத்தலைவர் போனில் கத்தியது எனக்கே கேட்டது. "என் டிபார்ட்மென்ட்டை பார்க்கிங்ல விட்டுட்டீங்களாமே!" அக்கா பதறிப்போய்த்தான் திரையில் தேடினார், ஆனால் வாய் பதறவில்லை. "மன்னிச்சிடுங்க சார், இதோ எடுத்துடறேன். நல்லவேளை, நிழல்லதான் நிக்குது." போனில் சிரிப்பு கேட்டது.

நான் அவருக்கு அடுத்த மேசை. எந்தப் பக்கத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுத்து அறிக்கை கொடுப்பது என் வேலை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். எண்ணத் தெரியும் என்பதற்காக எனக்குச் சம்பளம் தருகிறார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் போதும் என்று சேர்ந்த புதிதில் நம்பினேன். இப்போதும் அதை முழுக்கக் கைவிட்டுவிடவில்லை.

கணினியில் பார்த்தால் மெனு நீளமாக விரியும். கைபேசியில் அப்படியில்லை. மேலே நான்கு பெயர்கள் மட்டும் தெரியும். மற்றவையெல்லாம் 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் மடங்கிக் கிடக்கும். எங்கள் தளத்தைப் பெரும்பாலானோர் கைபேசியில்தான் பார்க்கிறார்கள். "நாலு இடம்தான் இருக்கு தம்பி. அஞ்சாவது இடமும் ஐம்பதாவது இடமும் ஒண்ணுதான்" என்பார் அக்கா. அந்த நான்கில் அவர் உட்கார வைத்திருப்பவை: அவசர சிகிச்சை, மருத்துவரைப் பார்க்க, வரும் வழி, உடனிருப்போருக்கு.

நான்காவதை எழுதியதே அக்காதான். நோயாளியோடு வந்தவர் எங்கே படுக்கலாம், எங்கே குளிக்கலாம், துணியை எங்கே உலர்த்தலாம், நோயாளியைத் தீவிர சிகிச்சைக்குள் கொண்டுபோய்விட்டால் யாரிடம் போய் விசாரிக்க வேண்டும். அவ்வளவுதான். படம் கிடையாது.

என் அறிக்கையில் நான்கில் கடைசியாக வந்தது அந்தப் பக்கம். புதுக் கட்டடத்தின் 'சிறப்பு அறைகள்' பக்கமோ 'மேலும்' என்பதற்குள் கிடந்தபோதே அதைவிட அதிகம் பார்க்கப்பட்டிருந்தது. நிர்வாகி அறிக்கையை வாசித்தார். சிறப்பு அறைகளை மேலே கொண்டுவந்து, உடனிருப்போரைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டார்.

அக்கா என் பக்கம் நாற்காலியோடு உருண்டு வந்தார். "தம்பி, அந்த ரூம் படத்தையெல்லாம் நம்ம ஆளுங்கதானே பாக்குறாங்க? வேலை நேரத்துல ஏசி ரூமைப் பாத்துப் பெருமூச்சு விடுற கூட்டம். அதையும் சேத்து எண்ணிட்டியா?"

எண்ணியிருந்தேன். எங்கள் கட்டடத்திலிருந்து வந்த பார்வைகளைக் கழித்துவிட்டு மறுபடி கணக்கிட்டேன். இடைவெளி நன்றாகச் சுருங்கியது. அப்படியும் சிறப்பு அறைகள்தான் முன்னே நின்றன. திரையை அக்காவிடம் காட்டினேன்.

"ம்" என்றார். பிறகு, "உடனிருப்போர் பக்கத்தை ஒருத்தர் ஒரு தடவைதான் பாப்பாங்க. பாயை விரிச்சுப் படுத்தவங்க, மறுபடி எதுக்குப் பாக்கப் போறாங்க?" என்றார்.

அதற்கு என்னிடம் எண் இல்லை. என் அம்மா அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வார் என்று யோசித்தேன். கைபேசியை எடுக்கவே மாட்டார். பக்கத்துப் படுக்கைக்காரியிடம் கேட்டுக்கொள்வார். அப்படியானால் அந்தப் பக்கம் யாருக்கு? ஊருக்குப் புதிதாக வந்து, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, நடைவழியில் நிற்கிற ஒருவருக்கா? அப்படி எத்தனை பேர்? எண்ணத் தெரிந்தவனுக்கு இந்தக் கேள்விதான் வருகிறது.

அக்காவே மறுபடி பேசினார். "மாசக் கடைசியில என் கான்ட்ராக்ட் முடியுது. அதை நீட்டிக்கக் கையெழுத்துப் போடப் போறவர் நிர்வாகி சார்தான். இப்பப் போயி ஒரு பக்கத்துக்காக முட்டிக்கிட்டு நிக்கணுமா? வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன். 'உனக்கு எதைப் பண்ணா தூக்கம் வருமோ அதைப் பண்ணு'ன்னுட்டுத் திரும்பிப் படுத்து அவர் தூங்கிட்டார். நீ சொல்லு தம்பி."

நான் மறுபடி என் எண்களைப் பார்த்தேன். அன்று முழுக்க அக்கா மற்ற வேலைகளைச் செய்தார். பழைய அறிவிப்புகளை ஒழுங்குபடுத்தினார். விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினார். அந்த இரண்டு பக்கங்களை மட்டும் தொடவில்லை.

மறுநாள் காலை நிர்வாகியே வந்துவிட்டார். கெட்டவர் அல்ல, நடையில் எப்போதும் ஓர் அவசரம், அவ்வளவுதான். அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னும் அப்படியே இருக்கு?"

"ஆமா சார்."

"சிறப்பு அறை நெறஞ்சாத்தாம்மா பொது வார்டுல விளக்கு எரியும். கட்டடத்துக்கு வாங்கின கடன் சும்மாவா? நான் ஒண்ணும் ஆசைக்குச் சொல்லல."

"தெரியும் சார். நீங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு."

"அப்புறம் என்ன? ஒரு நிமிஷ வேலை."

அக்கா மவுஸைப் பிடித்தார். சிறப்பு அறைகளை வரிசையிலிருந்து எழுப்பினார். நான்காவது பெயருக்கு மேலே கொண்டுபோனதும் 'உடனிருப்போருக்கு' ஒரு படி கீழே நழுவி இடம் விட்டது. அப்படியே பிடித்திருந்தார். பிறகு திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே விட்டுவிட்டார்.

"எனக்கு வரல சார்."

"உங்களுக்கு வராததாம்மா?" நிர்வாகி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார். "குடுங்க" என்று குனிந்து, அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மவுஸைத் தானே பிடித்தார்.

பழக்கமில்லாத கை. சிறப்பு அறைகள் பக்கம் எழும்பியது, தேவைக்கு மேல் உயரப் போனது. 'வரும் வழி' ஒரு படி நழுவியது. இன்னும் மேலே போனபோது 'அவசர சிகிச்சை'யே நழுவியது. சட்டென்று கீழே இழுத்தார். மறுபடி 'உடனிருப்போருக்கு' அருகே கொண்டுவந்து நிறுத்தினார். நீலக்கோடு அதற்கு மேலும் கீழுமாகத் துடித்தது. அந்தப் பெயரை அவர் அப்போதுதான் முதன்முறையாக முழுதாகப் படிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. விரலை எடுத்தால் முடிந்துவிடும். அவர் எடுக்கவில்லை.

"இதுல என்னதாம்மா எழுதியிருக்கு?" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா எழுந்தார். நாற்காலி முதுகில் கிடந்த தன் சால்வையை எடுத்துக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டார். நாற்காலியை நிர்வாகி பக்கமாகத் திருப்பினார்.

"உக்காந்து படிங்க சார்" என்றார்.