இந்திரகுமார் சுட்ட ஓட்ஸ்

ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் போகும் ரோட்டில், தேயிலைக்கு நடுவே ஒரு பழைய துரை பங்களா இருக்கிறது. கொழும்பைச் சேர்ந்த சிங்களச் சீமாட்டி ஒருவர், நோனா என்று எல்லோரும் கூப்பிடுபவர், அதை வாங்கி, கூரையை மாற்றி, விருந்தாளிகள் தங்கும் இடமாக்கிப் பதினைந்து வருடம் ஆகிறது. அங்கே கோக்கியாக, அதாவது சமையல்காரராக, இருப்பவர் இந்திரகுமார். பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் கொழும்புக்குப் போய், ஹோட்டல் ஹோட்டலாகக் காய் வெட்டி, கறி வைக்கப் பழகி, நாற்பதை நெருங்கும்போது அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஊர் திரும்பியவர். கல்யாணம் கைகூடவில்லை. அம்மாவும் போன பிறகு அந்தச் சமையலறைதான் அவருக்கு எல்லாம்.

அவர் கைப்பக்குவத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை, காலைச் சாப்பாட்டைத் தவிர. மார்கழியிலும் தையிலும் அந்த மலையில் அடிக்கும் காற்றுக்குக் காதுமடல் விறைத்துப் போகும். விருந்தாளிகள் கம்பளியைப் போர்த்திக்கொண்டே மேசைக்கு வருவார்கள். அவர்களுக்குச் சூடாக ஏதாவது வேண்டும். இந்திரகுமார் ஓட்ஸ் கஞ்சி காய்ச்சி அனுப்புவார். அது மேசைக்குப் போய்ச் சேருவதற்குள் ஆறி, பசை மாதிரி இறுகிவிடும். இரண்டு கரண்டியோடு ஒதுக்கி வைத்துவிட்டுப் பாண் ரொட்டியையும் முட்டையையும் கேட்பார்கள்.

ஒரு தடவை வந்து தங்கிய வெள்ளைக்கார அம்மா ஒருவர், தங்கள் ஊர்க் குளிருக்கு ஓட்ஸைப் போறணை அடுப்பில் வைத்துச் சுடுவோம் என்றார். முட்டை, பால், பழம் எல்லாம் கலந்து தட்டில் ஊற்றிச் சுட்டால் கேக் மாதிரி வெட்டிச் சாப்பிடலாம், வெகு நேரம் சூடு நிற்கும் என்று கையைக் காட்டி விளக்கினார். அளவு எதுவும் சொல்லவில்லை. மறுநாளே கிளம்பிப் போய்விட்டார்.

இந்திரகுமார் மூன்று நாள் முயன்று பார்த்தார். முதல் நாள் செங்கல்லாக வந்தது. இரண்டாம் நாள் நடுவில் வேகாமல் முட்டை வாடை அடித்தது. மூன்றாம் நாள் மேலே கருகி, கீழே பால் தனியாக நின்றது. தட்டை அப்படியே பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கவிழ்த்தார்.

தொட்டியடியில் நின்றவள் ரஜனி. பாத்திரம் கழுவ வருகிறவள். புருஷன் இறந்த பிறகு ஒரே மகள் பிரவீனாவைப் படிக்க வைப்பதற்காக இந்த வேலைக்கு வந்திருந்தாள். அதற்கு முன்னால் பத்து வருடம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுப்போகிற குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள். கவிழ்ந்து கிடந்ததில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்தாள்.

“அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவீங்களா?”

“சொல்லு.”

“இத காயவே போட்டு சுடுறீங்க. அது போறணைக்குள்ள போய்தான் பால குடிக்குது. மொதல்லயே ஊற வச்சிட்டு சுட்டுப் பாருங்க. பசும்பாலு வேணாம், தேங்காப்பாலு. சீனியும் வேணாம், கித்துல் பாணி இருக்குதுல்ல.”

அவர் ஒதுங்கி நின்று, “நீயே செஞ்சு காட்டு,” என்றார்.

ரஜனி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஓட்ஸைக் கெட்டித் தேங்காய்ப்பாலில் ஊற வைத்தாள். கனிந்த வாழைப்பழம் நான்கைப் பிசைந்து, முட்டையை நுரை வர அடித்து, கித்துல் பாகான பாணியை ஊற்றிக் கலந்தாள். கறுவாப்பட்டைத் தூளும் ஏலமும் போட்டாள். சாதிக்காயை மட்டும் இரண்டே உரசல் உரசினாள். கூடினால் மருந்து வாடை வருமாம். அரைவாசி வெந்ததும் தட்டை வெளியே எடுத்து, துருவிய தேங்காய்ப்பூவையும் உடைத்த கஜு முந்திரியையும் பாணியில் பிரட்டி மேலே பரப்பித் திரும்பவும் உள்ளே தள்ளினாள். போறணையைத் திறந்தபோது மேலே பொன்னிறமாக மொறுமொறுத்து, கரண்டி இறங்கிய இடத்தில் ஆவி பறந்தது. இருவரும் நின்றபடியே சாப்பிட்டார்கள். வயிறு அப்படிக் கதகதத்து எத்தனை வருடமாயிற்று என்று இந்திரகுமார் நினைத்தார்.

அன்றிலிருந்து அந்தப் பங்களாவில் குளிர்காலக் காலை என்றால் அதுதான். ஊற வைப்பதும் கலப்பதும் ரஜனி. போறணையில் வைத்து எடுத்துத் துண்டு போட்டு அனுப்புவது இந்திரகுமார்.

இரண்டாவது வருடத் தை மாதம் நோனா, பத்திரிகையில் சாப்பாடு பற்றி எழுதும் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, இதைச் செய்தவரைப் பார்க்க வேண்டும் என்றாள். மனேஜர் இப்ஹாம் சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “மாஸ்டர், வாங்க, நோனா கூப்பிடுறாங்க,” என்றார்.

ரஜனியின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இந்திரகுமார் போனார். அதில் பொய் இல்லை. ஆனால் அவரைக் கண்டதும் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் கை தட்டினார்கள். அத்தனை வருடச் சமையலில் அவருக்கு யாரும் கை தட்டியதில்லை.

“இது உன் சொந்தக் கண்டுபிடிப்பா?” என்று நோனா சிங்களத்தில் கேட்டார்.

“ஆமாம் நோனா. நானே யோசித்துச் செய்தது,” என்று இவரும் சிங்களத்தில் சொன்னார்.

தட்டைப் பிடித்தபடி அவர் சிரிக்கும் படம் பத்திரிகையில் அரைப்பக்கத்துக்கு வந்தது. இப்ஹாம் அதைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மண்டபத்தில் மாட்டினார். ரஜனி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வழக்கம்போல ஓட்ஸை ஊற வைத்தாள், கலந்தாள். ‘அண்ணே’ என்று கூப்பிடுவது மட்டும் குறைந்து போயிற்று. இந்திரகுமார் அதைக் கவனித்தார். நாளைக்கு நோனாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நாள் போகப் போக அது இன்னும் கடினமாகிக்கொண்டே வந்தது.

அடுத்த வருடம் மழை பிடித்துக்கொண்டது. மலை சரிந்து ரோடு மூடிப்போய், வாரக்கணக்கில் ஒரு வாகனம் ஏறவில்லை. சமையலறையில் ஓர் ஆளைக் குறைக்கச் சொல்லி நோனா சொல்லி அனுப்பினார். இப்ஹாம் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மாஸ்டர், எனக்கும் விருப்பமில்ல. காய் வெட்டுற ஆளு, பாத்திரம் கழுவுற அவங்க, ரெண்டு பேருல ஒருத்தர நிப்பாட்டணும். யாரு இல்லாட்டி உங்களுக்குச் சமாளிக்க ஏலும்? நீங்களே ஒரு பேரச் செல்லுங்க.”

ரஜனி இல்லாமல் முடியாது, அந்த ஓட்ஸ் அவளுடையது. இதைச் சொன்னால் போதும். சொன்னால் சுவரில் தொங்கும் படம் என்னாவது? அப்படியானால் உன்னை எதற்கு வைத்திருக்கிறோம் என்று நோனா திருப்பிக் கேட்டால்? இந்திரகுமார் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, “பாத்திரத்த நாங்களே மாறி மாறி கழுவிக்குவோம்,” என்றார்.

மாத முடிவில் ரஜனி நின்றுவிட்டாள். போகிற அன்றும் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, துடைக்கிற துணிகளை அலசிக் காயப்போட்டாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, “தேங்காப்பூ போட்டதும் நெருப்ப கொறைங்க. இல்லாட்டி கருகிரும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு இறங்கிப் போனாள்.

ரோடு திறந்தது. விருந்தாளிகள் திரும்ப வந்தார்கள். இந்திரகுமார் தனியாக ஓட்ஸ் சுட்டார். சாப்பிட்டவர்கள் நன்றாயிருக்கிறது என்றார்கள். இரண்டாம் துண்டு கேட்கவில்லை. அதே பாணி, அதே கறுவா, ஆனாலும் எங்கோ ஒன்று இடித்தது. எவ்வளவு நேரம் ஊற வைப்பாள் என்று ஒருநாளும் அவர் கேட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு காலையும் போறணைக் கதவைத் திறக்கும்போது அவர் கண் ரஜனி இல்லாத தொட்டியடிக்குப் போனது. அப்படியே இரண்டு குளிர்காலம் போயிற்று. அதற்கு மேல் தாங்காமல் ஒருநாள் இப்ஹாமிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

இப்ஹாம் கையிலிருந்த கணக்குப் புத்தகத்தை மூடினார். “அண்டைக்கே இதச் செல்லியிருந்தா நான் அவங்கள விட்டிருப்பனா மாஸ்டர்?” என்றார். பிறகு, “நோனாக்கிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க போய் அவங்களக் கூட்டிட்டு வாங்க. சமையலுக்கே வரட்டும்,” என்றார்.

லயத்தில் விசாரித்துக்கொண்டு, பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாளில் இந்திரகுமார் மாத்தளைக்குப் பஸ் ஏறினார். ரஜனி மிளகும் கராம்பும் புடைக்கிற ஸ்டோர் ஒன்றில் வேலை செய்தாள். பிரவீனா துணிக்கடையில் வேலைக்கு நின்றாள். இருவருக்கும் வாடகைக்கு ஓர் அறை. அன்று லீவு என்பதால் ரஜனி வீட்டில் இருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டு, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள்.

“ரஜனி, அன்னைக்கு நோனாகிட்ட நான்…”

“தெரியும்ண்ணே. தொட்டிக்கும் மண்டபத்துக்கும் நடுவுல ஒரு கதவுதானே. கை தட்டுனதும் கேட்டுச்சு. நீங்க சொன்னதும் கேட்டுச்சு.”

“ஏன் அப்பவே கேக்கல?”

“நீங்களா சொல்லுவீங்கன்னு ஒரு கெழம பாத்தேன். அப்புறம் அந்த போட்டோவ மாட்டுனாங்க. அதுக்கப்புறம் பாக்கல.”

“தப்பு பண்ணிட்டேன், மன்னிச்சிரு. மனேஜர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஒன்ன சமையலுக்கே வரச் சொன்னாரு.”

ரஜனி தன் கைகளைப் பார்த்தாள். கராம்பு வாடை ஊறிக் கறுத்திருந்தன. “அந்தக் குளிருக்கு திரும்ப ஏற முடியாதுண்ணே. முட்டி ரெண்டும் போயிருச்சு. பிரவீனாவுக்கும் வேலை இங்கதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடின்னா ஓடி வந்திருப்பேன்.”

பிறகு சொன்னாள்: “மனசுல வச்சுக்காதீங்கன்னு சொல்லத்தான் பாக்குறேன். வாய் வர மாட்டேங்குது. அவ ஏ.எல். பரீட்சை எழுத வேண்டிய வருஷம் அது. அதோட நின்னுட்டா.”

இந்திரகுமார் தேநீரைக் குடித்து முடித்தார். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. அதைக் கேட்கத் தனக்கு முகம் இல்லை என்று தோன்றியது. எழுந்து வந்துவிட்டார். பங்களாவுக்கு வந்ததும் படத்தைக் கழற்றி இப்ஹாமின் மேசையில் வைத்தார்.

இந்தத் தை மாதம் யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஓய்வுபெற்ற தம்பதியர், செல்வரத்தினமும் நிரஞ்சலாவும், வந்து தங்கினார்கள். நிரஞ்சலா அவரைக் கூப்பிட்டார்.

“நல்லா இருக்கு தம்பி. இது ஆர் சொல்லித் தந்தது?”

“ரஜனின்னு ஒருத்தங்க செஞ்சதுங்க. இங்க பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தாங்க.”

“அவவக் கூப்பிடுங்கோவன். ஒருக்கால் பார்ப்பம்.”

“இப்ப இங்க இல்லைங்க.”

“ஐயோ, செத்துப் போனாவோ?”

“இல்லைங்க, மாத்தளையில இருக்காங்க. இத என்னோடதுன்னு நான் சொல்லிட்டேன். அதனால அவங்களுக்கு வேலை போயிருச்சு.”

நிரஞ்சலா கரண்டியைக் கீழே வைத்தார். செல்வரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.  இந்திரகுமார் எதையும் எதிர்பார்த்து நிற்காமல் சமையலறைக்குத் திரும்பினார்.

இப்போது யார் கேட்டாலும் அவர் அப்படித்தான் சொல்கிறார். சிலர் கேட்டுக்கொள்கிறார்கள், சிலர் பாதியில் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். ரஜனிக்கு இது தெரியாது. தெரிந்தாலும் பிரவீனா விட்டுப்போன படிப்பு விட்டதுதான். அது இந்திரகுமாருக்கு நன்றாகவே தெரியும்.