புகார் இல்லாத கூடம்

வெர்லன் டிபெட்ஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவருடைய வலது முழங்காலுக்கு அதைவிடக் கூடுதல். டெக்சஸின் அமரில்லோ நகரத்துத் தட்டைக் கூரைகளில் முப்பது வருடம் ஏணி வைத்து ஏறி இறங்கியவர். கூரை மேல் உட்கார்ந்திருக்கும் தகர இயந்திரங்கள்தான் அவர் பிழைப்பு. கோடையில் குளிரையும் குளிர்காலத்தில் சூட்டையும் கீழே அனுப்புகிற இயந்திரங்கள். ஆலங்கட்டி அடித்து நசுங்கிய அவற்றின் செதில்களை அவர் சீப்பு வைத்து வாரி நிமிர்த்துவார். தன் தலையை அவ்வளவு பொறுமையாக வாரிக்கொண்டதில்லை.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு முழங்கால் மூட்டையே மாற்றியாக வேண்டும் என்றார். எப்போது என்று வெர்லன் கேட்டார். காப்பீடு எப்போது வரும் என்று மருத்துவர் கேட்டார்.

வெர்லன் கடைசியாகக் கூரை இயந்திரம் பார்த்துக்கொண்ட மளிகைக் கடை மூடியதோடு காப்பீடும் மூடியிருந்தது. அதனால் மார்ச் முதல் வாரத்தில், விவசாயிகளின் பயிருக்கு ஆலங்கட்டிக் காப்பீடு விற்கும் ஒரு நிறுவனத்தில் கட்டடப் பராமரிப்பு வேலைக்கு விண்ணப்பித்தார். மேலாளர் ப்ரெண்டிஸ் ஓக்லி அவரை நேரில் பேட்டி கண்டார்.

"உங்களுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துல மூணு பேர் இருந்தாங்க."

"அவங்களுக்கு என்ன ஆச்சு சார்?"

"புகார் ஆச்சு."

நிபந்தனை எளிமையானது. கூடம் குளிர்கிறது, புழுங்குகிறது என்று ஊழியர்கள் கணினியில் புகார் எழுதலாம். ஒரு மாதத்தில் பத்துக்கு மேல் போனால் பராமரிப்பு ஆள் வீட்டுக்குப் போகலாம். தொண்ணூறு நாள் தாக்குப்பிடித்தால் வேலை நிரந்தரம், மருத்துவக் காப்பீடும் உண்டு. வெர்லன் முழங்காலைத் தடவியபடி கையெழுத்துப் போட்டார்.

கூடத்துக்கு ஒரு வரலாறு இருந்தது. முன்பு அது இரண்டு அறை. ஒன்றில் இழப்பீடு கொடுக்காமல் இருப்பவர்கள், மற்றதில் இழப்பீடு கொடுப்போம் என்று சொல்லி விற்பவர்கள். இருவரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஓக்லி நடுச்சுவரை இடித்தார். சுவர் போயிற்று. கூரை மேல் இருந்த இரண்டு இயந்திரங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

இந்த இயந்திரங்களுக்குக் கண் கிடையாது. கீழே சுவரில் ஒட்டியிருக்கும் கைக்கடக்கமான தெர்மோஸ்டாட் பெட்டி என்ன சொல்கிறதோ அதுதான் அவற்றுக்கு உலகம். பெட்டி சூடு என்றால், வெளிக்காற்று குளிர்ச்சியாக இருக்கும்போது பக்கவாட்டுத் தகர மடலைத் திறந்து அதையே உள்ளே விடும். இல்லாவிட்டால் கம்ப்ரஸரை ஓட்டும். பெட்டி குளிர் என்றால் காஸ் அடுப்பைப் பற்றவைக்கும். அணைந்த கம்ப்ரஸரை உடனே கிளப்பினால் அது செத்துப்போகும் என்பதால் இடையில் ஐந்து நிமிடம் சும்மா இருக்கும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் மனிதர்கள் புகார் எழுதுகிறார்கள் என்பது வெர்லனின் முப்பது வருட அனுபவம்.

மார்ச் மாதம் ஒன்பது புகாரோடு தப்பித்தார். ஏப்ரல் பாதியிலேயே ஏழு வந்துவிட்டது. வெர்லன் ஏணி ஏறினார். ஒரு படிக்கு ஒரு வசவு. மேலே இரண்டு இயந்திரமும் உயிரோடுதான் இருந்தன; அதுதான் பிரச்சினை. ஒன்றில் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி மற்றதில் காஸ் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. ஒரே கூடத்துக்கு ஒன்று குளிரைக் கொட்ட, மற்றது சூட்டைக் கொட்டியது. வெர்லன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி இரண்டு பெட்டிகளையும் தேடிப் போனார்.

முதல் பெட்டி, இழப்பீட்டுப் பிரிவின் தலைவி லோர்னா ஸ்ட்ரிப்ளிங்கின் மேசைக்கு நேர் மேலே இருந்தது. லோர்னா தோளில் சால்வை போர்த்தி, மடியில் கம்பளி விரித்து உட்கார்ந்திருந்தாள். மேசைக்கடியில் சின்ன ஹீட்டர் ஒன்று சிவந்துகொண்டிருந்தது.

"என் காலு ஐஸா இருக்கு வெர்லன். தொட்டுப் பாக்கறீங்களா?"

"வேணாம் மேடம், நம்பறேன். ஆனா இந்த ஹீட்டர் இருக்கு பாருங்க, இதோட சூடு நேரா மேல போயி பெட்டியத் தொடுது. பெட்டி, கூடமே கொதிக்குதுன்னு கூரைக்குச் சொல்லுது. கூரை குளுரக் கொட்டுது. உங்களுக்குக் குளுருது. நீங்க ஹீட்டரக் கூட்டறீங்க."

"அப்போ எனக்குக் குளுர்றதுக்குக் காரணம் நானேதான்னு சொல்றீங்க."

"ஹீட்டர்னு சொன்னேன் மேடம்."

"பதினேழு வருஷமா இந்த மேசைல உக்காந்திருக்கேன். கோதுமைய ஆலங்கட்டி அடிச்சிருச்சுன்னு ஒருத்தன் வந்து நிப்பான். உன் மாடு மேஞ்சதுய்யான்னு நான் சொல்லுவேன். அதே வித்தைய எங்கிட்டயே காட்டறீங்களா?"

இரண்டாவது பெட்டி விற்பனைப் பிரிவின் தலைவர் டெல்பர்ட் பாங்கியின் தலைக்குப் பின்னால் இருந்தது. டெல்பர்ட் பருத்த ஆள். ஜனவரியிலும் சட்டைக் கையை மடித்துவிட்டிருப்பவர். அவர் முன்னால் வாளி போன்ற கோப்பையில் விளிம்பு வரை ஐஸ் போட்ட இனிப்பு டீ. கோப்பைக்குப் பின்னால் ஒரு மேசை விசிறி. ஐஸைத் தொட்ட காற்று அவர் முகத்தில் வீசி, காதைத் தாண்டிப் பெட்டியில் போய் விழுந்தது. பெட்டி, ஐயோ குளிர்கிறதே என்று கூரைக்குச் சொன்னது. கூரை அடுப்பை மூட்டியது.

"அந்த டீயக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்தி வெச்சா போதும் சார்."

டெல்பர்ட் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நான் பொறந்ததுலேர்ந்து டெக்சஸ்லதான் இருக்கேன். டீய எடுத்து வைய்யான்னு ஒருத்தன் சொல்லிக் கேக்கறது இதான் மொத தடவ. அந்தம்மாகிட்டப் போயி ஹீட்டர அணைக்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அணைச்சாங்களா?"

"இல்ல."

"அப்போ போங்க."

அன்று மாலைக்குள் இரண்டு புகார் ஏறி, கணக்கு ஒன்பதானது. அந்த இரண்டும் குளிரைப் பற்றியோ சூட்டைப் பற்றியோ அல்ல, வெர்லனைப் பற்றி.

உண்மை வேலைக்கு ஆகாது என்று தெரிந்ததும், தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்து, யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாத காரியத்தை வெர்லன் செய்தார். சனிக்கிழமை ஆள் இல்லாத நேரத்தில், கூடத்துக் காற்று கூரைக்குத் திரும்பிப் போகும் குழாயில் ஒரே ஒரு உணர்கருவியைப் பொருத்தினார். இரண்டு இயந்திரங்களையும் அதன் பேச்சை மட்டும் கேட்கும்படி கட்டினார். இனி ஒன்று சூடேற்றினால் மற்றது குளிரூட்ட முடியாது. சுவர்ப் பெட்டிகளின் கம்பிகளைப் பிடுங்கிச் சுருட்டி, உட்கூரைப் பலகைக்கு மேலே தள்ளினார். பெட்டிகளுக்குள் பாட்டரி போட்டார். எண் பளபளவென்று தெரிந்தது. அழுத்தினால் ஏறியது, இறங்கியது.

முன்னவர்கள் பெட்டிகளுக்கு மேல் பிளாஸ்டிக் மூடி போட்டுப் பூட்டியிருந்தார்கள். திங்கட்கிழமை காலை வெர்லன் எல்லார் முன்னிலையிலும் பூட்டைத் திறந்து, ஒரு சாவியை லோர்னாவிடமும் ஒன்றை டெல்பர்ட்டிடமும் கொடுத்தார்.

"இனிமே உங்க இஷ்டம் மேடம். வேணுங்கற அளவு வெச்சுக்குங்க. அஞ்சு நிமிஷம் மட்டும் பொறுத்துக்கணும்."

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாமே," என்றாள் லோர்னா. அன்று மதியம் சால்வையைக் கழற்றினாள்.

ஏப்ரல் ஒன்பதோடு முடிந்தது. மே மாதம் ஒரு புகாரும் இல்லை. லோர்னாவின் பெட்டி எழுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட் என்றது, டெல்பர்ட்டின் பெட்டி அறுபத்தாறு என்றது, கூடம் யாரையும் கேட்காமல் எழுபத்திரண்டில் இருந்தது. வேலையே நடக்காத அளவுக்கு எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். கூடத்தைச் சரியாக்கியது தன் பெட்டிதான் என்று இருவரும் தனித்தனியாக நம்பினார்கள். அந்தம்மா பெட்டி சும்மா அலங்காரத்துக்கு என்று டெல்பர்ட் சொல்லித் திரிந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது.

எண்பத்தேழாவது நாள், புகாரை ஒழித்த பெட்டியைப் படம் எடுத்து டல்லஸ் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஓக்லி தாமே திருப்புளியோடு வந்தார். வெர்லன் தூசு படிந்த வடிகட்டியோடு கூடத்துக்குள் நுழைந்தபோது ஓக்லி லோர்னாவின் பெட்டியைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். பின்னால் வெறும் சுவர். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஓக்லி சுவரைப் பார்த்தார். பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது.

"பாத்தீங்களா எல்லாரும்? ஒரு கம்பிகூடக் கெடையாது! எங்க வீட்டு கராஜ் கதவு மாதிரி, காத்து வழியாவே பேசுது. டல்லஸ்லகூட இது இருக்காது."

கூடம் கைதட்டியது. ஓக்லி படம் எடுத்துவிட்டுப் பெட்டியை மறுபடி சுவரில் மாட்டினார். வெர்லன் வாயைத் திறந்தார். இன்னும் மூன்று நாள். வாயை மூடிக்கொண்டார்.

எண்பத்தொன்பதாவது நாள் காலை ஓக்லி அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒரு மாசமா ஒரு புகார் இல்ல வெர்லன்."

"ஆமா சார்."

"அந்தக் கருவி எல்லாத்தையும் தானாவே பாத்துக்குது. அப்படின்னா..." ஓக்லி தொண்டையைச் செருமினார். "நீங்க எதுக்கு?"

வெர்லன் அப்போதுதான் உண்மையைச் சொன்னார். சுவரில் இருப்பது எதனோடும் பேசவில்லை, உள்ளே பாட்டரியைத் தவிர ஒன்றுமில்லை, மூளை குழாய்க்குள் இருக்கிறது என்று முழுதாகச் சொன்னார். ஓக்லி சாட்சிக்கு லோர்னாவையும் டெல்பர்ட்டையும் அழைத்தார்.

"நான் அமுக்குன அஞ்சாவது நிமிஷம் காலுல தெரியுது," என்றாள் லோர்னா. "பொய் பேசறவங்கள மொகத்தப் பாத்தே சொல்லிருவேன் நான்."

"பாவம், மெஷின் வேலையப் புடுங்கிக்கிச்சுன்னு மனுஷனுக்கு வயித்தெரிச்சல்," என்றார் டெல்பர்ட். எந்த விஷயத்திலாவது இருவரும் ஒத்துப்போவதை ஓக்லி முதன்முறையாகப் பார்த்தார். சுவரை இடித்தது வீண்போகவில்லை.

வேலைநீக்கக் கடிதம் தயாராகவே இருந்தது.

"சரி சார். எங்கிட்ட எப்படிக் குடுத்தீங்களோ, அப்படியே திருப்பிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

"நல்ல மனுஷன்யா நீங்க," என்றார் ஓக்லி.

மதியம் கூடம் காலியானதும் வெர்லன் உட்கூரையிலிருந்து கம்பிகளை இறக்கி, இரண்டு பெட்டிகளிலும் பழையபடி இணைத்து, மேல்மூடிகளையும் பூட்டினார். ஏணி ஏறினார். மேலே வயர்களைப் பழைய இடத்தில் முடுக்கினார். இறங்கிப் போய்த் தன் பழைய டிரக்கில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். எங்கே போவது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

இரண்டரை மணிக்கு லோர்னா கம்பளியைத் தேடினாள். மூன்று மணிக்கு, ஜூன் மாத டெக்சஸில், வெளியே தார்ச்சாலை இளகும்போது, டெல்பர்ட்டின் தலைக்கு மேல் காஸ் அடுப்பு எரிந்தது. இருவரும் சாவியைப் போட்டுப் பெட்டியைத் திறந்து அழுத்தினார்கள். இப்போது பெட்டிகள் நிஜமாகவே கேட்டன. லோர்னா எண்ணை மேலே ஏற்றினாள், ஹீட்டரையும் கூட்டினாள். டெல்பர்ட் எண்ணைக் கீழே இறக்கினார். இன்னொரு வாளி ஐஸ் வாங்கிவரச் சொன்னார். ஹீட்டரும் ஐஸும் ஜெயித்தன. நாலு மணிக்கு ஓக்லி கழுத்துப்பட்டை தோளில் பறக்க வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடிவந்தார்.

"வெர்லன்! நல்லவேள, போகலியே நீங்க! இருபத்து மூணு புகார்! மேல போயி என்னன்னு பாருங்க."

"காலு ஏறாது சார்."

"எப்ப ஏறும்?"

"மாத்துனா ஏறும்."

"அப்போ மாத்துங்கய்யா! யாரு வேணாம்னா?"

"காப்பீடு வேணும். அதுக்கு நாளைக்கும் நான் இங்க வேலைல இருக்கணும். அதோட, மாசம் பத்துக்கு மேல புகார் வந்தா ஆள அனுப்பிரணும்னு நீங்கதான் விதி வெச்சிருக்கீங்க. இன்னிக்கே இருபத்து மூணு."

"அதையெல்லாம் எதுக்கு எண்ணிக்கிட்டு!"

நிரந்தர வேலைக்கான தாள் டிரக்கின் முன்மூடியில் கையெழுத்தானது. காற்றில் பறந்துவிடாமல் ஒரு முனையை ஓக்லி பிடித்துக்கொண்டார், மறுமுனையை வெர்லன். பிறகு வெர்லன் ஒவ்வொரு படியாக ஏறினார். அவசரப்படவில்லை.

ஜூலையில் மூட்டு மாற்றினார்கள். செப்டம்பரில் ஏணியில் மற்றவர்களைப் போலவே ஏறினார். ஆனால் ஒன்றை மட்டும் அவர் மறக்கவில்லை. பத்துக்கு மேல் போனால் ஆள் போவான். ஒன்றுமே வராவிட்டாலும் ஆள் போவான். மாதக் கடைசி நெருங்கும்போது கணினியைப் பார்ப்பார். மூன்று என்று இருந்தால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கூரைக்குப் போய், வெளிக்காற்று மடல் ஒன்றை அரைமணி நேரம் திறந்துவைப்பார். கீழிறங்கி வருவதற்குள் ஐந்து ஆகியிருக்கும். உடனே போய்ச் சரிசெய்வார்.

வருடக் கடைசியில் ஓக்லி அவரைப் பாராட்டி எழுதினார். புகார் வந்தால் இவ்வளவு விரைவாகத் தீர்க்கும் ஆள் இந்த நிறுவனத்துக்கு இதுவரை அமைந்ததில்லை என்று அதில் இருந்தது.