கயிறு பட்ட காயம்

கோச்சக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. பல்கலைக்கழக நீச்சல் குளத்தின் ஓரத்தில், கழுத்தில் விசிலும் காலில் ரப்பர் செருப்புமாக, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருப்பார். சாப்பாடும் நின்றபடிதான். "இவளைப் பெத்தப்பவே கால்ல சக்கரத்தைக் கட்டிவிட்டுட்டாங்க" என்று அவருடைய அக்கா சொல்வார். இறந்த அன்று கூடத்தில் கிடத்தியிருந்தபோதுதான், அவரிடம் நீந்தக் கற்ற பலரும் அவர் அசையாமல் இருப்பதை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

அப்படிப்பட்டவருக்கே எவ்வளவு நடந்தும் தவிப்புத் தீராத ஒரு காலம் இருந்தது.

அக்காவின் மகன் ஆண்கள் அணிக்குத் தலைவன். எல்லோருக்கும் அவன் கேப்டன். பல் முளைக்கும் வயதிலேயே அவனைத் தண்ணீரில் மிதக்கவிட்டவர் கோச்சக்காதான். பெண்கள் அணியில் தவளை நீச்சலில் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். அதனாலேயே அவள் பெயரும் தவளை ஆகிவிட்டது. இருவரும் பழகுவது குளத்தில் எல்லோருக்கும் தெரியும். "கல்யாணச் சாப்பாடு எப்போடி?" என்று உடை மாற்றும் அறையில் தோழிகள் அவளைச் சீண்டுவார்கள். கோச்சக்காவுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான்.

குளத்தில் யாருக்கு எங்கே காயம் பட்டாலும் அதற்கு ஒரே காரணம்தான்: கயிறு. நீந்தும் தடங்களைப் பிரித்துக் கட்டிய, பிளாஸ்டிக் வளையங்கள் கோத்த கயிறு. தோளில் சிராய்ப்பா, கயிறு. முழங்கையில் ரத்தமா, கயிறு. யாரும் நின்று விசாரிப்பதில்லை. மஞ்சள் மருந்தைத் தடவிக்கொண்டு மறுபடியும் குதித்துவிடுவார்கள்.

ஒரு நாள் காலைப் பயிற்சிக்குத் தவளை துண்டைப் போர்த்திக்கொண்டே வந்தாள். துண்டை எடுத்ததும் மேற்கையில் கறுத்துக் கன்றிய தடங்கள். எதிர்முனையில் நின்ற கோச்சக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"என்னடி, கயிறோட மல்லுக்கட்டுனியா? ஜெயிச்சது யாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். "கயிறுதான் கோச்சக்கா" என்றபடி தண்ணீரில் பாய்ந்தாள்.

சில வாரங்களில் அவள் பல்கலைக்கழகப் புகார்க் கமிட்டிக்குப் போனாள். கேப்டன் தன்னை அடிக்கிறான், போனைப் பிடுங்கிப் பார்க்கிறான், வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஓர் இரவு பலவந்தம் செய்தான் என்று முறையிட்டாள். கையில் கன்றியிருந்த தடங்களைப் படம்பிடித்தும் வைத்திருந்தாள். கேப்டன் எல்லாவற்றையும் மறுத்தான். அந்தத் தடங்களைப் பற்றிக் கேட்டபோது அவனுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அது கயிறு பட்டது. எங்க கோச்சே எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. வேணும்னா கூப்பிட்டுக் கேளுங்க."

கமிட்டி கோச்சக்காவைக் கூப்பிட்டது.

அன்றிலிருந்து அவருக்கு நிலைகொள்ளவில்லை. விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்தார். வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலுக்குப் போனார்; பால் பொங்கி வழிந்தது. துணி உலர்த்தப் போன மாடியில் வாளியை வைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கினார்.

குளத்துக் கழிவறைப் பக்கம் தவளையைத் தனியாகப் பார்த்தபோது, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

"எங்கிட்ட ஏன்டி சொல்லல?"

அவள் தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தாள். "நீங்க அவனுக்குச் சித்தி."

"அதுக்காக?"

"அதோட, நீங்க கேக்கவே இல்லையே கோச்சக்கா. கேள்வியும் நீங்களே, பதிலும் நீங்களே. அத்தனை பேர் சிரிக்கிறப்போ நான் வேற என்ன சொல்லுவேன்?"

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலையே அக்கா வந்தார். கொண்டுவந்த பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு, தங்கை சமையலறைக்கும் கூடத்துக்கும் அலைவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் நில்லேன். எனக்கே தலை சுத்துது."

"சொல்லுக்கா, காது இங்கதான் இருக்கு."

"உன்னை நான் பொய் சொல்லச் சொல்லல. அன்னிக்கு என்ன சொன்னியோ அதையே சொல்லு. அவ்வளவுதான். அதுல ஒரு எழுத்து பொய் இருக்கா?"

இல்லைதான். அதுதான் கோச்சக்காவைக் குடைந்தது. சொன்னதைச் சொன்னால் போதும். யாரும் குறை சொல்ல முடியாது. பையன் தப்பிப்பான், அக்கா முகம் தெளியும், பழையபடி எல்லாம் நடக்கும். அந்தப் பெண் மட்டும் பொய்க்காரி ஆவாள்.

"அவனைக் கேட்டியாக்கா? நீயும் அவனும் மட்டும் இருக்கிறப்போ?"

"எதுக்குக் கேக்கணும்? எம் பிள்ளையை எனக்குத் தெரியாதா?"

"நானும் கேக்கல" என்றார் கோச்சக்கா. அக்காவுக்கு அது புரியவில்லை.

கமிட்டி அறையில் நீள மேசைக்கு அப்பால் மூவர் இருந்தார்கள். நடுவில் இருந்த பேராசிரியை நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க."

"நின்னுக்கிட்டே சொல்றேன் மேடம். உக்காந்தா வார்த்தை வராது."

"சரி. கயிறு பட்டதுன்னு நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன். கிண்டலாச் சொன்னேன், தூரத்துல இருந்து. அப்போ சரியாப் பாக்கல."

"அப்புறம் பார்த்தீங்களா?"

கோச்சக்கா ஜன்னல்வரை போய்த் திரும்பினார்.

"பார்த்தேன். ஒரு சுத்து முடிச்சுட்டு அவ சுவரைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கினா. நான் நேரா மேல நின்னேன். கையோட உள்பக்கம் வரிசையா விரல் அழுத்தின தடம். கயிறு அங்க படாது மேடம். பட்டாலும் சிராய்க்கும், இப்படிக் கன்னிப்போகாது."

"அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா யாருன்னு சொல்லிடுவாளே." சொன்ன பிறகுதான் தன் குரல் அந்த அறையில் எவ்வளவு பெரிதாகக் கேட்டது என்பது அவருக்கு உறைத்தது. "விசிலை ஊதி அடுத்த சுத்துக்கு அனுப்பிட்டேன்."

ஓரத்தில் இருந்தவர் நிமிர்ந்தார். "அந்த மாணவர் உங்க அக்கா மகன், இல்லையா?"

"ஆமா சார். நான் வளர்த்த பிள்ளை."

தவளையின் தோழிகள் சொன்னதும், கேப்டன் அவளுக்கு அனுப்பிய மிரட்டல் செய்திகளும் ஏற்கெனவே கமிட்டியிடம் இருந்தன. கயிறு என்ற ஒரு முட்டுத்தான் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது, அதுவும் போயிற்று. அவனைப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கினார்கள். தவளை படிப்பைத் தொடர்ந்தாள். குளத்துக்கு அவள் வரவில்லை. வரும்படி கோச்சக்காவும் கேட்கவில்லை.

முடிவு தெரிந்த அன்று கோச்சக்கா அக்கா வீட்டுக்குப் போனார். அடுத்தவர் வாயால் அக்கா கேட்கக் கூடாது என்று நினைத்தார். அதற்குள் அக்கா கேட்டிருந்தார். கதவைப் பாதி திறந்து, நிலையில் கைவைத்து நின்றார். அழுது ஓய்ந்த முகம்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. நீ பெத்த பிள்ளையா இருந்தா போய்ச் சொல்லியிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. கோச்சக்கா அதை விழுங்கினார்.

"தெரியலக்கா."

அக்கா கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே வா என்று சொல்லவும் இல்லை. உள்ளறையிலிருந்து அவன் குரல் வந்தது.

"யாரும்மா வாசல்ல?"

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"யாருமில்லடா."